ஏறிய தடியங்காயும் இறங்கிய சிறுபயறும்

தலைமைப் பொறுப்பை ஒரு கையிலும், என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கான மணியை மறு கையிலும் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி, இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த சத்தியபாய் டீச்சர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் முதியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் அன்னையர்களே! மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடியப்பட்டணத்திலிருந்து வந்திருக்கும் கடற்கரையின் கணீர்க்குரல் ஜெபமணி அவர்களே! மூன்றாம் வரிசையில் பந்தல் காலுக்குப் பின்னால் தலையை மறைத்து உட்கார்ந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் மேலாளர் தம்பி அவர்களே! மறைய வேண்டாம் தம்பி, இன்று உங்களுக்கும் மாலை உண்டு. தனக்குத்தான் பாராட்டு விழா என்று தெரிந்தும் மேடைக்கு வராமல், பின்னால் பாயசத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் விழா நாயகி, தங்கை ஞானசெல்வி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த நேசையனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். களியக்காவிளையில் குரல் கொடுத்தால் கடைசி இருக்கையில் தூங்குகிறவர் எழுந்து சில்லறை எடுப்பார். ஆகவே ஒலிபெருக்கி நின்றாலும் என் உரை நிற்காது என்பதை, அங்கே வயரை ஆட்டிக்கொண்டிருக்கும் தம்பி சிஜின் தெரிந்துகொள்வது நல்லது.

பெரியோர்களே! பாராட்டிப் பேச வந்தவன் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் சிறுபயறின் விலை ஏறியதற்குக் காரணம் யார்? பெருமழையா? பெட்ரோலா? தூரதேசத்துப் போரா? இல்லை ஐயா, இல்லை. இங்கே உங்கள் முன் வேட்டி கட்டி நிற்கும் இந்த நேசையன்தான் காரணம். சிரியுங்கள், சிரியுங்கள். கதையைக் கேட்டால் நீங்களும் உடந்தை என்பது தெரியும்.

நம் திருச்சபையின் அறுப்பின் பண்டிகை எப்படிப்பட்டது? வெளியூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வருவோம். மட்டி வாழைக்குலை, சேனை, காச்சில் கிழங்கு, தேங்காய், நாட்டுக்கோழி. ஆராதனை முடிந்ததும் அத்தனையும் முற்றத்தில் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டு போவாரா? மாட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளையும் மறுபடியும் காணிக்கையாக வைத்துவிடுவார். அது மறுபடியும் ஏலம் போகும். சென்ற ஆண்டு ஒரு நாட்டுக்கோழி ஏழு பேருக்குச் சொந்தமாக இருந்துவிட்டு, எட்டாவது ஆளின் கையிலிருந்து பறந்து ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டது. அதையும் கைதட்டித்தான் அனுப்பி வைத்தோம்.

இந்த ஆண்டு ஏலத்துக்கு ஒரு தடியங்காய் வந்தது. அவியலுக்குப் போடுகிற சாதாரணத் தடியங்காய், வெளியூரார் வெள்ளைப் பூசணி என்பார்களே, அதுதான். நான் நூறு ரூபாய் என்றேன். என் மனைவியின் தம்பி ஜெப்சன், வளைகுடாப் பிழைப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவன், இருநூறு என்றான். அக்காவைக் கட்டிய அத்தானை ஊர் நடுவில் ஒருவன் முந்தலாமா? ஐந்நூறு என்றேன். ஆயிரம் என்றான். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு. அத்தான் விடவில்லை, மச்சினன் மடங்கவில்லை, நீங்களோ எங்களை அடங்க விடவில்லை. நாலாயிரத்தில் தடியங்காய் என் தோளில் ஏறியது. அன்றைக்குக் கைதட்டினீர்களே, அந்தக் கைகளை இன்று எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைதட்டாமல் கண்ணை அகல விரித்தபடி நின்றார். ஜங்ஷனில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டின் மேலாளர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஊர்க்காரர்களோடு பழக வேண்டும் என்று பண்டிகைக்கு வந்தவர். இந்த ஊரில் விலை கூட்டினால் மக்கள் தாங்குவார்களா என்று அவருடைய தலைமை அலுவலகம் அந்த வாரம்தான் கேட்டிருந்ததாம். தாங்குவார்கள் என்று அவர் எழுதி அனுப்பினார். அவர்மேல் பிழை இல்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்.

அந்தக் கடையில் மஞ்சள் ஒட்டு ஒட்டிய மலிவுப் பொருள்கள் உண்டு. பளபளப்பு கிடையாது, படம் கிடையாது, பயறு மட்டும் பயறாக இருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் வாங்குவது அதைத்தான். பண்டிகை முடிந்த பத்தாம் நாள் அந்தப் பயறு கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறியது. அடுத்த மாதம் மேலும் பத்து. அதற்கடுத்து மேலும் பன்னிரண்டு. நூற்று நான்கில் நின்ற பயறு நூற்று முப்பத்திரண்டுக்குப் போனது. அரிசியும் எண்ணெயும் அதன் பின்னாலேயே படியேறின. ஆனால் பாருங்கள், பக்கத்துத் தட்டில் பளபளக்கும் பெட்டியில் இருக்கும் பணக்காரப் பயறு பத்துப் பைசா ஏறவில்லை. ஏழையின் பொட்டலத்துக்கு மட்டும் ஏணி வைத்தது ஏன்? இல்லாதவன் எங்கே போய்விடுவான் என்ற எண்ணம்தானே? அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது.

தலைவி அவர்கள் மணியைத் தொடுகிறார்கள். டீச்சர், இன்னும் நாயகியே வரவில்லை.

ஞானசெல்வியை உங்களுக்குத் தெரியும். முந்திரி ஆலையை நாம் அண்டி ஆபீஸ் என்கிறோம். அந்த அண்டி ஆபீஸ் வாசலில் காலை ஆறரைக்குப் பானையை இறக்குகிற பெண். கஞ்சி, பயறு, அப்பளம், தொட்டுக்கொள்ளச் சம்மந்தி. எல்லாம் சேர்த்து இருபது ரூபாய். எழுபது பெண்கள் அதைக் குடித்துவிட்டுத்தான் அண்டி தல்ல, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்க, உட்காருகிறார்கள். கூலி வாங்கிப் பிள்ளையின் பள்ளிக்கும் வீட்டின் மருந்துக்கும் கொடுத்த பிறகு, தன் வயிற்றுக்கென்று அவர்கள் ஒதுக்கி வைப்பது அந்த இருபது ரூபாயைத்தான். பயறு ஏறியபோது அவளுடைய மகள் அஸ்வதி சொன்னாள், அம்மா, கஞ்சியை இருபத்தெட்டு ஆக்கு என்று. ஞானசெல்வி ஆக்கவில்லை. இருபத்தெட்டு என்றால் முப்பது பேர் குடிக்காமலே உள்ளே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பயறையும் குறைக்கவில்லை. தன்னுடைய பங்கைக் குறைத்தாள். ஏன் காலையில் சாப்பிடுவதில்லை என்று கேட்டவர்களிடம் உபவாச ஜெபம் என்றாள். ஆறு நாள் உபவாசம், ஞாயிறு ஓய்வு. போதகர் ஐயாவே பூரித்துப்போய் ஜெபக்கூட்டத்தில் அவளைப் பாராட்டியிருக்கிறார்.

எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும்? இந்த மாதம் விலை இறங்காவிட்டால் பானையைக் கவிழ்த்துவிடுவது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். கவிழ்ப்பதற்கு முன்னால் காரணத்தையாவது கேட்டுவிடலாம் என்று நேரே கடைக்குப் போனாள். மேலாளர் தம்பி ஒளிக்காமல் சொன்னார்.

"ஒரு காய்க்கு நாலாயிரம் குடுக்கிற ஊருங்க இது. பயறுக்கு இருபத்தெட்டு ரூபா கூடினா யாருக்குங்க வலிக்கும்?"

அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று நினைப்பீர்கள். அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"நேசையண்ணே, நீங்க ஏத்தின தடியங்காயி எனக்க பயறுக்க வெலய ஏத்திட்டு, கேட்டியளா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தோளில் தடியங்காயைத் தூக்கிய அன்று இவ்வளவு கனம் தெரியவில்லையே என்று தலை குனிந்து நின்றேன். அப்போது எங்கள் மதிலோரம் சாளை மீன் விற்றுக்கொண்டிருந்த ஜெபமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரையில் ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண்மணி. மூன்று ஊருக்குக் கேட்கும் குரல். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் இந்தக் கதையையே திருப்பியது.

"கோயிலுக்கு ஏறுத ஏலம் விடுதியளே மக்கா, வயித்துக்கு எறங்குத ஏலம் ஒண்ணு விட்டா என்ன? நான் விடுகேன்."

ஆகா, என்ன கேள்வி! எப்பேர்ப்பட்ட கேள்வி! சட்டசபையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, சாளைக் கூடைக்குப் பக்கத்தில் எழுந்தது. சத்தியபாய் டீச்சர் அன்று மாலையே சங்கத்தைக் கூட்டினார்கள். நூற்று அறுபத்து மூன்று வீடுகளிலும் மாதத்துக்கு எத்தனை கிலோ பயறு வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். யார் மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்களோ, ஆறு மாதம் அத்தனை வீடும் அவரிடமே வாங்கும் என்று அறிவித்தார்கள். கோட்டாறிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். களியக்காவிளையிலிருந்து ஒருவர் வந்தார். மேலாளர் தம்பியும் வந்தார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இதே ஜங்ஷனில், பெஞ்சுமேல் ஏறி நின்று ஜெபமணி நூற்று முப்பத்திரண்டு என்று ஏலத்தைத் தொடங்கினார்.

கோட்டாறு நூற்று இருபத்தைந்து என்றது. களியக்காவிளை நூற்று இருபது என்றது. விலை படிப்படியாக இறங்கியது, பார்த்தவர்கள் நெஞ்சு பரபரத்தது. மேலாளர் நூற்றுப் பன்னிரண்டு என்றார். அந்த நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் நூற்று ஐம்பது என்று முழங்கியது. யார்? வேறு யார், என் மச்சினன் ஜெப்சன்தான். ஏலம் என்றால் ஏற்றித்தானே பழக்கம்! பிறந்த நாளிலிருந்து கோயில் முற்றத்தில் பார்த்து வளர்ந்த பழக்கம், அவனை அறியாமலே வாய்க்கு வந்துவிட்டது. அவன் மனைவி ஜினிஷா சேலை முந்தானையால் அவன் வாயைப் பொத்தினாள். வியாபாரிகள் மூவரும் ஆவலோடு அவனைத் தேடினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அவன் முந்தியிராவிட்டால் நான் நூற்று நாற்பது என்றிருப்பேன். அதுவும் என் நுனி நாக்கில்தான் இருந்தது.

ஊர் சிரித்து ஓய்ந்தபோது மேலாளர் தம்பி எங்கள் பக்கம் திரும்பினார். ஏலம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கை கொடுக்கத்தான் நீளும் என்பதைக் கண்டபோதுதான், நாங்கள் தடியங்காய்க்குக் கொடுத்தது என்ன என்பது அவருக்குப் புரிந்ததாம். பின்னால் அவரே என்னிடம் சொன்னார். களியக்காவிளை நூற்று ஆறில் விலகிக்கொண்டது. கோட்டாறு நூற்று மூன்றுக்கு வந்தது. தம்பி கைப்பேசியை எடுத்து ஓரமாகப் போனார். முன்வரிசையில் ஞானசெல்வி இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பானை நிமிர்ந்து நிற்பதும் கவிழ்வதும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. பக்கத்தில் நின்றதால் அவர் பேசியது என் காதில் விழுந்தது.

"நான் எழுதுனது தப்புங்க சார். அது விலை இல்லைங்க, காணிக்கை. இவங்க வயித்துக்கு வாங்கறப்ப ஒவ்வொரு ரூபாயும் பார்த்துத்தான் வாங்கறாங்க."

திரும்பி வந்து நூற்று ஒன்று என்றார். கோட்டாறு வியாபாரி கைகூப்பிச் சிரித்தார். ஜெபமணி மூன்று தரம் சொல்லி முடித்தார். நாம் ஆர்ப்பரித்தோம். ஆனால் சத்தியபாய் டீச்சர் கை உயர்த்தி அமைதி கேட்டு ஒரு நிபந்தனை வைத்தார்கள். இந்த விலை எங்கள் நூற்று அறுபத்து மூன்று வீட்டுக்கு மட்டும் கூடாது. பட்டியலில் பெயர் இல்லாதவர், வாடகை அறையில் தங்கிக் கட்டட வேலை செய்யும் வடக்கத்திப் பிள்ளைகள், யார் வந்தாலும் மஞ்சள் ஒட்டில் இதே விலைதான் இருக்க வேண்டும் என்றார்கள். தம்பி ஒத்துக்கொண்டார். அரிசியும் எண்ணெயும் அடுத்த வாரமே அதே வழியில் இறங்கின. டீச்சர், அன்றைக்கு நான் உங்களுக்கு எழுந்து நின்று கைதட்டினேன். இன்று மேடையில் நின்றே தட்டுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மேலாளர் தம்பி அண்டி ஆபீஸ் வாசலுக்குப் போனார். எழுபது பெண்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பயறு மறுபடியும் வாங்கிக்கொண்டார் என்றும் கேள்வி. குடித்து முடித்து ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டி, மீதி வேண்டாம் அக்கா என்றார். ஞானசெல்வி எண்பது ரூபாயை அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"இது ஏலம் இல்ல தம்பி, சாப்பாடு."

அதைச் சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு அந்தப் பெண்களோடு உட்கார்ந்தாளாம். இந்த விழா அந்தக் கிண்ணத்துக்குத்தான்.

அன்புக்குரியவர்களே! கொடுப்பதில் நமக்குக் கணக்கு இல்லை. தடியங்காய்க்கு நாலாயிரம் கொடுத்தோம், அடுத்த ஆண்டு ஐயாயிரமும் கொடுப்போம். ஜெப்சனே, காதில் விழுகிறதா? ஆனால் நம் கொடையைப் பார்த்து ஒருவர் நம் கஞ்சிக்கு விலை வைத்தால், நாம் பேசாமல் இருக்கலாமா? கொடுக்கும்போது திறக்கும் வாய், கேட்கும்போது ஏன் மூட வேண்டும்? தனியாகப் போய்க் கேட்டால் அது முனகல். நூற்று அறுபத்து மூன்று வீடு சேர்ந்து கேட்டால் அதுதான் விலை. இதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் மீன் விற்கும் ஒரு பெண்ணும் கஞ்சி விற்கும் ஒரு பெண்ணும். முப்பத்தொரு ஆண்டு ஊருக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுத்த எனக்கு, இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

மணி அடித்துவிட்டது. பந்தல் போட்டவர்களுக்கும், பாயசம் கிண்டுகிறவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தவறை உணர்ந்ததும் ஊர் நடுவில் திருத்திக்கொண்ட மேலாளர் தம்பிக்கும் என் நன்றி. தங்கை ஞானசெல்வி, துருவலைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு வா அம்மா. நீ ஏறி வரும்வரை இந்த ஊர் எழுந்து நிற்கும். எழுந்திருங்கள் எல்லோரும். வணக்கம்.