மட்டமாகப் போட்ட முற்றமும் ஒரு வாளித் தண்ணீரும்

கிரோனிங்கன் நகரக் கால்வாய்க்கரைத் தோட்டச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பைப் பதினோரு ஆண்டுகளாகப் பிறர் கைக்குப் போகாமல் காத்துவரும் தலைவர் ஹார்ம் அவர்களே! காலை எட்டு மணிக்கே துண்டு போட்டு முன்வரிசையைப் பிடித்த பெரியோர்களே! களைக்கும் கணவருக்கும் ஒரே குரலில் ஆணையிடும் தாய்மார்களே! ஆறு வாரம் முதுகொடியக் கல் பதித்த ஐயா சீட்ஸே அவர்களே! வணக்கம்.

சங்கக் கட்டடத்தின் முன் விரிந்து கிடக்கும் இந்தப் புதிய கல்முற்றத்தை வாழ்த்திப் பேச என்னை அழைத்தீர்கள். வடிகால் படித்த பையன், நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று நம்பினீர்கள். நம்பியது உங்கள் தவறு.

நல்ல வார்த்தை முதலில். கல் தேர்வு அருமை! சுட்ட செங்கல், தேயும், ஆனால் வெளுக்காது. அடிமணலை இறுக்கியது அருமை! ஓரக்கல் யானை மிதித்தாலும் அசையாது. ஆனால், ஆனால், ஆனால்!

போன வாரம் சீட்ஸே நடுக்கல்லில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். “பாத்தியாடா யெல்மர்? மயிரிழை கூட உருளல. நம்ம நாடே தட்டை, என் முற்றம் அதைவிடத் தட்டை!” என்றார் என்னிடம்.

உருளவில்லை, உண்மை! கோலி உருளாத தரையில் தண்ணீர் மட்டும் எங்கே ஓடும்? கடலையே வெளியே தள்ளிவிட்டு அதன் மட்டத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள் நாம். நாமா ஒரு மழைக்குச் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டோம்?

செவ்வாய்க்கிழமை மழையில் நமக்குச் சூப்பு காய்ச்சும் ஆல்ட்யே அம்மாவின் சங்கச் சமையலறைக்குள் மூன்று விரற்கடைத் தண்ணீர். மரத்தரை உப்பிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “இன்னொரு தடவை தண்ணி வந்துச்சு, அடுப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். பட்டாணி சூப்பு வேணும்னா அவனவன் பொண்டாட்டிகிட்ட கேட்டுக்குங்க!” குளிர்காலம் முழுவதும் சூப்பில்லாத சங்கம், அவையோரே! அப்புறம் எவன் வருவான் மண்வெட்டியோடு?

என்ன பின்வரிசையில் சத்தம்? “மெஷின் வச்சு வேகமாத் தண்ணி அடிச்சா சரியாயிடும்” என்கிறீர்களா? அடித்தால் பாசி போகும். இடுக்கு மணலும் கூடவே போகும். மறு ஆண்டு அங்கே களை காடாக நிற்கும். துடைப்பத்தால் தேயுங்கள், இடுக்கில் மணல் தூவுங்கள், அது பராமரிப்பு. இன்றைய வியாதி வேறு. உட்காருங்கள்.

பேச்சு போதும். இதோ வாளி. ஊற்றுகிறேன்! பாருங்கள்… தயங்குகிறது… நமது செயற்குழுவைப் போல முடிவெடுக்காமல் தேங்கி நிற்கிறது… ஆகா, புறப்பட்டது! கால்வாய்க்கா? இல்லை! பூப்பாத்திக்கா? இல்லை! காப்பிக்கு வரிசை கட்டி நின்று நாம் மிதித்து அமுக்கிய அந்தக் கதவோரத்துக்கு! தலைவரே, காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்!

தீர்வு எளிது. கல்லைப் பெயர்த்தெடுத்துச் சாய்வாகத் திரும்பப் பதிக்க வேண்டும். மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சாய்வு, கட்டடத்திலிருந்து கால்வாய் நோக்கி. ஆறு மீட்டருக்கு ஒன்பது.

“ஒன்பதா? மேசையில இருந்து காப்பி வழுக்கிடும்டா!” என்கிறார் சீட்ஸே. ஐயா, உங்கள் வீட்டு மாடிப்படி ஏணியைவிடச் செங்குத்து. அதில் பீரோவையே ஏற்றினீர்கள். காப்பிக்கா பயம்?

“அடுத்த கூட்டத்துல பேசிக்கலாமே” என்கிறார் தலைவர். அடுத்த கூட்டம் அக்டோபரில். அடுத்த மழை வியாழக்கிழமை. மழை நமது நிகழ்ச்சிநிரலைப் படிக்குமா? தீர்மானம் நிறைவேறும்வரை மேகம் காத்திருக்குமா?

என்ன சொன்னீர்கள், சீட்ஸே? உரக்கச் சொல்லுங்கள்! “எடுக்கிறதா இருந்தா நான்தான் எடுப்பேன். வேற எவனாவது என் கல்லுல கைவச்சான், தொலைச்சுடுவேன்!”

கேட்டீர்களா! கல் பதித்தவரே கடப்பாரையோடு எழுந்துவிட்டார். இனி நமக்கென்ன நாற்காலி? சம்மதிப்பவர்கள் கை தூக்க வேண்டாம், கை தட்டவும் வேண்டாம். எழுந்து, இத்தனை நேரம் கல்லை அமுக்கி வைத்திருந்த நாற்காலியைத் தூக்குங்கள்! அதோ ஆல்ட்யே அம்மா தூக்கிவிட்டார்! முன்வரிசை தூக்கிவிட்டது! பின்வரிசையும்!

பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. தலைவரே, உங்களுக்குத் தனி வணக்கம். கொஞ்சம் நகருங்கள், முதல் கல் உங்கள் நாற்காலிக்கு அடியில்தான் இருக்கிறது.