ஜோசுவா தூர் வாரிய கால்வாய் மேல் ஜோசுவாவுக்கு ஒரு மண்டபம்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் வார்டு கவுன்சிலர், சாயப்பட்டறை உரிமையாளர் வீரபத்திரன் அவர்களே! எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உரையாற்றிய, சின்ன காஞ்சிபுரத்துப் பேராசிரியர் ரங்கநாத் அவர்களே! முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ஜோசுவாவின் மனைவி, எனக்குத் தங்கை போன்ற அன்னம்மாள் அவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் என் தெருக்காரர்களே! எல்லோருக்கும் நெசவாளி குமாரசாமியின் வணக்கம்.

கிணற்று மோட்டார் மெக்கானிக் ஜோசுவா மறைந்து இன்றைக்கு இருபதாவது நாள். ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். 'நீர்க்காவலர் ஜோசுவா' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பட்டம். ஆனால் அந்தப் போஸ்டரில் தலைவர் வீரபத்திரன் அவர்களின் படம் சுரைக்காய் அளவு இருக்கிறது, ஜோசுவாவின் படம் சுண்டைக்காய் அளவு இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் பேருந்து நிலையத்தில் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், இவ்ளோ பெரிய மனுசன் போயிட்டாரா?" என்று தலைவர் படத்துக்குக் கும்பிடு போட்டதை நானே பார்த்தேன். தலைவர் நீடூழி வாழட்டும்!

இங்கே பேசியவர்கள் எல்லோரும் ஜோசுவாவைத் தியாகி என்றார்கள், தீர்க்கதரிசி என்றார்கள். நான் கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பு, இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு நகராட்சித் தேர்தலில் அந்தத் தீர்க்கதரிசி இதே வார்டில் சுயேச்சையாக நின்றாரே, அப்போது நீங்கள் எல்லோரும் எங்கே போயிருந்தீர்கள்? அவருக்கு விழுந்த ஓட்டு நாற்பத்து மூன்று. அதில் முப்பதுக்கு மேல் அவருடைய காலனிச் சொந்தக்காரர்களின் ஓட்டு. மிச்சம் இருந்த இந்த மகா ஜனங்கள் யாருக்குப் போட்டோம்?

அவர் ஏன் நின்றார்? அவருக்குப் பதவி ஆசையா? இருபத்தைந்து வருடம் நம் வீட்டுக் கிணறுகளில் இறங்கி ஏறியவர் அவர். எந்த வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரனுக்குத் தெரியாது, ஜோசுவாவுக்குத் தெரியும். "குமாரசாமி, உன் வீட்டுக்கு எண்பத்தாறுல நாலு பைப் எறக்கினேன். இப்ப பதினோரு பைப் எறக்கறேன். இன்னும் பத்து வருசம் போனா எங்க எறக்கறது, சொல்லுபா" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிணற்றுக்குள் இறங்கி நமக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர் மேலே வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், நாம் சொம்பைக் கொடுத்தோமா? கையை ஏந்தச் சொல்லி ஊற்றினோம். பேராசிரியர் அவர்களே, நீரின் பெருமை பற்றிப் பல்லவர் காலத்திலிருந்து சொல்லி வந்தீர்களே, உங்கள் வீட்டுக் கிணற்றடியும் அதில் சேர்த்திதான். தலையைக் குனியாதீர்கள், என் வீட்டுக் கிணற்றடியும் அப்படித்தான் இருந்தது.

அவர் நின்ற கொள்கை என்ன? ஒரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். புளியந்தாங்கல் ஏரிக்கு மழைத் தண்ணீர் போகும் வரத்துக்கால்வாயைத் தூர் வார வேண்டும். சாயப்பட்டறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். தெருக் குப்பையை மக்க வைத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போட வேண்டும். ஓட்டுக்கு ஒரு குடம் உண்டா, ஒரு வேட்டி உண்டா என்று நாம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் பால் கணக்கு எழுதினோம்.

ஓட்டுக் கேட்க அவர் தேர்ந்தெடுத்த நேரத்தைச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் நாம் தெரு நீளத்துக்குப் பாவு விரித்து, இரண்டு பக்கமும் வரிசையாக நின்று இழை பார்ப்போம் அல்லவா? அந்த நேரத்துக்கு வருவார். பாவைப் பிடித்தவன் விட்டுவிட்டு ஓட முடியாது. நகர்ந்தால் இழை அறும். நம்மை அப்படி நிற்க வைத்து, ஒவ்வொருவரிடமும் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டே பாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவார். இந்த ஊரில் ஓட்டுக் கேட்டவர்களில், நம் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்கும் நாம் பழி தீர்த்துக்கொண்டோம். அவருடைய சின்னம் வாளி. "வாளி காலியா இருக்குதேபா, தண்ணி எங்க?" என்று ஒருவன் கத்தினான். தெருவே சிரித்தது. "அதுக்குத்தாம்பா நிக்கிறேன்" என்றார். அந்தப் பதிலுக்கு யார் சிரித்தார்கள்? ஒருவரும் இல்லை.

அப்போதே நம் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியிருந்தது, நினைவிருக்கிறதா? வெள்ளைப் பட்டு நூலை அலசினால் லேசாக ரோஜா நிறம் ஏறியது. கடைக்காரர் புடவையைத் திருப்பி அனுப்பினார். யார் பட்டறைத் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டறையில்தான் நமக்குப் பட்டும் வந்தது, கூலியும் வந்தது. அதனால் நமக்கு நிறம் தெரியவில்லை. நல்ல கண்கள் ஐயா நமக்கு! ஆயிரம் இழையில் அறுந்த ஒரு இழையைக் கண்டுபிடிக்கிற கண்கள், குடத்துக்குள் இருந்த சிவப்பைப் பார்க்கவில்லை!

இரண்டு வருடம் கழித்து, வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசாங்கமே சொன்னது. ஜோசுவா சொன்னதைத்தான் சொன்னது. நாம் என்ன செய்தோம்? ஓட்டுக் கூரையில் பிளாஸ்டிக் குழாயை மாட்டினோம், அதிகாரி வந்து பார்த்தார், போனார். மறுநாள் குழாயைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். ஒரே குழாய் ஏழு வீட்டுக்கு மழைநீர் சேகரித்தது. இப்படிப்பட்ட சாமர்த்தியசாலிகளுக்கு ஜோசுவா எதற்கு?

தோற்ற பிறகும் அவர் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாளாகப் போய் அந்தக் கால்வாயைத் தூர் வாரினார். இந்த வருடமும் வாரினார். முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, உட்கார்ந்தவர்தான். நெஞ்சு நின்றுவிட்டது. கூட ஒரு ஆள் போயிருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூட ஒரு ஆள் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிறகு தலைவர் ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார். 'நீர்க்காவலர் ஜோசுவா நினைவு மண்டபம்' கட்ட வேண்டும், அதற்கு நகராட்சி இடம் ஒதுக்க வேண்டும். இடத்தையும் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எந்த இடம் தெரியுமா? தாங்கலுக்கு மேற்கே இருக்கிற காலி இடம். அது காலி இடமா? அதுதான் ஐயா அந்த வரத்துக்கால்வாய்! அவர் மண்வெட்டியால் தூர் வாரி வைத்த கால்வாயை மூடி, மேலே அவருக்கு மண்டபம்! தலைவருடைய பட்டறைக் குழாய் வந்து விழுகிற இடமும் அதே இடம்தான். மண்டபம் வந்துவிட்டால் குழாய் யார் கண்ணுக்கும் தெரியாது. உயிரோடு இருந்தவரை நாற்பத்து மூன்று ஓட்டில் அடக்கினோம். செத்தவரைக் கான்கிரீட் போட்டு அடக்கப் போகிறோம். கைதட்டல் வேண்டாம், தலைவர் அவர்களே, மைக்கைப் பிடுங்கவும் வேண்டாம். இன்னும் இரண்டு நிமிடம்தான்.

இன்று காலையில் அன்னம்மாள் தங்கச்சி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணே, மண்டபம் வாணாம்ணே. தண்ணி போற எடத்த அடைச்சா அது தெருவுக்குள்ளதான் வரும். அன்னிக்கு எல்லாம் முட்டிங்கால் தண்ணியில நின்னுக்கினு, ஜோசுவா மண்டபத்தாலதான் இந்தக் கதின்னு அவரத்தான் திட்டுவாங்க. அவரு செத்தும் திட்டு வாங்கணுமா?" இவ்வளவுதான் கேட்டார். வேறு உதவி எதுவும் கேட்கவில்லை.

நான் யார் இதையெல்லாம் கேட்பதற்கு? அதையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஜோசுவாவின் வேட்புமனுவில் முன்மொழிந்தவர் என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஓட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் பட்டறை முற்றத்தில் நம்மை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்தது. "எனக்குத்தான் ஓட்டுன்னு அடிச்சி சத்தியம் பண்ணுங்கபா. பண்ணிட்டா போதும், அப்பறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார் தலைவர். அவர் கெட்டிக்காரர். நம்மைப் பற்றி அவருக்குத் தெரியும். சத்தியத்தை மீறினால் தறியில் கை ஓடாது என்று நம்புகிற ஜனங்கள் நாம். கொடுத்த கையெழுத்தை மீறலாம், கற்பூரத்தை மீறக் கூடாது! எனக்கு முன்னால் ஒருவன் அடித்தான். இரண்டாவதாக நான் அடித்தேன். மறுநாள் போய்ச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அந்த நாற்பத்து மூன்றில் என் ஓட்டு இல்லை.

அடுத்த வாரம் என் வீட்டு மோட்டார் நின்றுவிட்டது. அவரைத்தான் கூப்பிட்டேன். வெட்கம் கெட்டவன், வேறு யாரைக் கூப்பிடுவேன்? வந்தார். "ஜோசுவா, சத்தியம் பண்ணிட்டேன்பா" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்பா. நீ ஒருத்தன்தான் வாயத் தொறந்து சொன்ன. அந்த ஸ்பேனர எடு" என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருடமாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. உங்களை நான் இகழ்கிறேன் என்று யாராவது நினைத்தால், என்னை முதலில் எழுதிக்கொண்டு அப்புறம் உங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் நகராட்சித் தேர்தல். இந்த வார்டில் தலைவரை எதிர்த்து நான் நிற்கிறேன். கொள்கைக்குப் புதிதாக எதையும் எழுதப் போவதில்லை, ஜோசுவாவின் அதே தாள். கால்வாயில் மண்டபத்துக்குக் கடைக்கால் எடுக்க ஆள் வந்தால், முதலில் என்னைத் தாண்டித்தான் குழி வெட்ட வேண்டும். தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள். உங்களிடம் நான் கெஞ்சுவது அது ஒன்றுதான்.

வேட்புமனுப் படிவம் இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. முன்மொழிய இந்த வார்டு வாக்காளர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். யாராவது மேடைக்கு வாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவோமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்டவனின் வீட்டுக்கும் நான் வருவேன்.

என்ன, ஒருவரும் இல்லையா?

வா, தங்கச்சி. பார்த்து ஏறும்மா. பேனா இந்தா.