கைமுட்டி அளவுத் தொப்பி

— பின்னல் ஊசியை அப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க. அது ஸ்பேனர் இல்ல.

— அப்போ எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடேன்.

— எதுக்கு? ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் ரிப்பேர் பார்த்து முடிச்சாச்சா? என் கூடையில கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. கை பூரா கிரீஸ்.

— சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் உக்காந்தேன். வேணும்னா மோந்து பாரு.

— நகத்துக்குள்ள அப்படியே இருக்கு. வெள்ளை நூலெல்லாம் கறுத்துப் போகும்... ஆமா, இது என்னது?

— தொப்பி.

— தொப்பியா? குழாய்க்கு உறை போட்ட மாதிரி இருக்கு.

— சிரிக்காத. காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து, வேலைக்கு லீவு சொல்லிட்டு, உன் முயல் பொம்மைங்க நடுவுல உக்காந்து பின்னிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணும் என்னையே முறைக்குது.

— இன்னும் கண்ணே தைக்கல. கண்ணு இல்லாத முயல் எப்படி முறைக்கும்?

— அதான் இன்னும் பயமா இருக்கு.

— இருக்கட்டும். யாருக்குத் தொப்பி?

— யாருக்குன்னு உனக்குத் தெரியாதா?

— நூல் சிக்கியிருக்கு பாருங்க.

— பேச்சை மாத்தினா விட்டுடுவேனா? கேளு. இன்னைக்குச் சாயங்காலம் நம்ம பொடிசைப் பெட்டியிலிருந்து வெளிய எடுக்குறாங்க.

— என்னது?

— குறைமாசப் பிள்ளைன்னு வச்சிருக்காங்களே, அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்துதான். துணிமணி எதுவும் இல்லாம அப்படியே அம்மா நெஞ்சு மேல படுக்க வைக்கணுமாம். மேல ஒரு போர்வை. உன் உடம்புச் சூடு அதுக்குப் போகணுமாம். தலை மட்டும் வெளிய தெரியும், குளிரும், அதனால ஒரு தொப்பி கொண்டு வாங்கன்னு பெரிய நர்ஸம்மா சொன்னாங்க.

— யாரு, நர்ஸா முடிவு பண்ணினது?

— இல்ல, டாக்டரம்மாவே நேர்ல வந்து சொன்னாங்க. தோள்ல தட்டிக் கொடுத்துச் சொன்னாங்க.

— தோள்ல தட்டிக் கொடுத்தாங்களா.

— ஆமா. ஏன் உன் முகம் இப்படி வெளுத்துப் போகுது?

— வேற என்ன சொன்னாங்க?

— 'அம்மாவைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க'ன்னாங்க.

— கண்டிப்பான்னா சொன்னாங்க?

— கண்டிப்பான்னுதான். வருவேல்ல?

— அந்த நூலைக் கீழ வைங்க. அது பொம்மைக்கு வாங்கினது. பச்சைக் குழந்தை தலைக்கு உறுத்தும்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— உறுத்தும்னு சொல்றேன்ல.

— கடைக்குன்னா தொப்பி, காலுறை, சட்டை, யானை, முயல்னு பின்னித் தள்ளுற. யார் யார் வீட்டுப் பிள்ளைங்களோ போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துதுங்க. நம்ம பிள்ளைக்கு மட்டும் ஒரு முடிச்சு கூடப் போட மாட்டேங்குற.

— போன தடவை போட்டேனே. வயித்துல இருக்கும்போதே அலமாரி நிறையப் பின்னி வச்சேனே. அதுல எதையாவது போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தானா? இந்தத் தடவை எதையும் பின்ன மாட்டேன், வார்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். நான் ஆசைப்பட்டாலே கையை விட்டுப் போயிடுது.

— சரி விடு. பிள்ளையை நானே நெஞ்சுல போட்டுக்கிறேன். அப்பா நெஞ்சும் ஆகுமாம், கேட்டுட்டேன். என்ன ஒண்ணு, என் நெஞ்சு முடிக்குள்ள முகத்தை வச்சா, ஏதோ காட்டுல கொண்டு வந்து விட்டுட்டாங்கன்னு பொடிசு மிரண்டு போகும். தொப்பியையும் நானே பின்னி முடிச்சுடுறேன்.

— வேணாம். நான் போடுறேன்.

— நிஜமாவா?

— கடைத் தொப்பின்னு நினைச்சுக்கிட்டுப் போடுறேன். தலை அளவு சொல்லுங்க.

— என் கைமுட்டி இருக்கும்.

— உங்க கைமுட்டி பூசணிக்காய் மாதிரி.

— அப்போ உன் கைமுட்டி. எங்க, கையை மூடு. ம்ம்... இன்னும் கொஞ்சம் இறுக்கு. ஆங், அவ்வளவுதான்.

— ...அந்த மஞ்சள் நூலை எடுங்க. அது இல்ல, அதுக்குக் கீழ. மெல்லிசா இருக்கே, அது.

— யப்பா, என்ன வேகம். கை அது பாட்டுக்குப் போகுது, நீ குனிஞ்சு கூடப் பார்க்க மாட்டேங்குற.

— பேச்சுக் கொடுக்காதீங்க. பின்னல்ல கண்ணி நழுவிடும்.

— பேசாம இருந்தா எனக்குத் தலை வெடிச்சுடும். காலையில பொடிசு ஒரு கொட்டாவி விட்டுச்சு பாரு. வாய் இத்தனூண்டு. அதுக்குள்ள அவ்வளவு பெரிய கொட்டாவி, ராத்திரி பூரா மூட்டை தூக்கின மாதிரி.

— சொல்லாதீங்க.

— சரி, சொல்லல... ஏய், இங்க ஓட்டை விழுது. கண்ணி விட்டுட்டியா? நீயா?

— விடல, வேணும்னேதான் வச்சேன். இடது காதுக்கு மேல அந்த மருந்து ஊசி இருக்குல்ல, அதுல இருந்து வர்ற டியூப் வெளிய வரணும். இல்லன்னா தொப்பி அமுக்கும், வலிக்கும்.

— அட ஆமா. காலமெல்லாம் குழாயோட கிடக்குறேன், எனக்குத் தோணல பாரு.

— ம்.

— இரு. இரு, கொஞ்சம் நிறுத்து. மருந்து ஊசி பொடிசு கையிலதானே இருந்துச்சு. கையில நரம்பு கிடைக்கலன்னு நேத்து மதியம்தான் தலைக்கு மாத்தினாங்க. நீ பயப்படுவேன்னு நான் உன்கிட்ட மூச்சு விடலையே.

— எல்லாப் பிள்ளைங்களுக்கும் அங்கதான் குத்துவாங்க.

— பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு வலது பக்கம். இடது பக்கம்னு உனக்கு யார் சொன்னது?

— கத்தாதீங்க.

— நான் கத்தல. கேக்குறேன்.

— பார்த்தேன்.

— எப்போ?

— தினமும்தான். நீங்க வேலைக்குக் கிளம்பினதும் பஸ் பிடிச்சுப் போவேன். வார்டுக்கு வெளிய வராந்தாவுல ஒரு ஜன்னல் இருக்கே, அங்க நிப்பேன். நம்ம பெட்டி நல்லாத் தெரியும்.

— வாசல்ல காவல்காரர் நீ யாருன்னு கேக்கலையா?

— கேட்டார். கடையிலிருந்து பிள்ளைங்களுக்குத் தொப்பி கொடுக்க வந்திருக்கேன்னு சொல்லிட்டேன். நிஜமாவே கொடுத்தேன், மத்த பிள்ளைங்களுக்கு.

— அடிப்பாவி! நான் அங்க தினமும் நர்ஸம்மாகிட்ட, 'அவளுக்குக் காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியல'ன்னு புளுகிக்கிட்டு இருக்கேன்.

— தெரியும். ஒரு நாள் நீங்க திடீர்னு மதியமே வந்து நின்னீங்க. தூண் மறைவுல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். முதல்ல காய்ச்சல்னீங்க. அப்புறம் கால் சுளுக்குன்னீங்க.

— மாத்தியா சொன்னேன்?

— சொன்னீங்க. அந்தம்மா ரெண்டையும் நம்பல.

— தூண் மறைவு வரைக்கும் வந்தவ உள்ள வந்திருக்கக் கூடாதா? யார் பிள்ளை அது?

— நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கிற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகலையே.

— பைத்தியமா நீ.

— இருக்கட்டும்... கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னாடி நெத்தியைச் சுருக்குமே, கவனிச்சிருக்கீங்களா?

— கவனிக்காம? உங்கப்பா கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற மாதிரி.

— ஆமா. அப்படியே அப்பாதான்.

— அழுறியா?

— இல்ல. சாயங்காலம் நானும் வர்றேன்.

— வர்றியா! நிஜமா வர்றியா?

— வராம? தனியா அனுப்பச் சொல்றீங்களா?

— தனியா எங்க அனுப்புறோம்? என்ன பேசுற நீ?

— போதுங்க. சிரிச்சுச் சிரிச்சு மறைக்க வேணாம். வேலைக்குப் போகாம, தெரியாத பின்னலைப் பின்னிக்கிட்டு, எனக்காக வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்கீங்க. நீங்க வாயைத் திறந்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

— என்ன புரிஞ்சுது?

— பெரியவனையும் இப்படித்தானே எடுத்தாங்க. பெட்டியைத் திறந்து, வயரெல்லாம் கழட்டிட்டு, 'கொஞ்ச நேரம் நெஞ்சுல வச்சுக்கோங்கம்மா'ன்னு கொடுத்தாங்க. அன்னைக்கும் டாக்டர் தோள்ல தட்டிக் கொடுத்தார். நான் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். சிரிச்சுக்கிட்டே கையை நீட்டி வாங்கினேன்.

— எப்போ? நான் வந்து பார்க்கும்போது துணியில சுத்தி...

— நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. என் மேல படுத்தேதான் போனான். தூங்குறான்னு தட்டிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். சூடு ஆறுற வரைக்கும் எனக்குத் தெரியல.

— இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே.

— எந்த வாயால சொல்ல?

— ஐயோ. அப்போ நான் சொன்னதுல இருந்து, இதுவும் அதேதான்னு நினைச்சுக்கிட்டா இதைப் பின்னுற?

— நெஞ்சுல போடச் சொன்னா வேற என்னங்க?

— இங்க பாரு. என் முகத்தைப் பாரு, நான் இப்போ சிரிக்கல. இது அது இல்ல. நேத்து நீ பார்த்தப்போ மூச்சுக்கு மூக்குல மாஸ்க் வச்சிருந்தாங்களா?

— வச்சிருந்தாங்க.

— ராத்திரி எடுத்துட்டாங்க. தானா மூச்சு விடுது. அதனாலதான் கொட்டாவி விட்டப்போ முகம் முழுசாத் தெரிஞ்சுது எனக்கு. எடையும் ஏறியிருக்கு. தேறி வர்ற பிள்ளையைத்தான் இப்படி நெஞ்சுல போடுறாங்களாம். இன்னைக்கு மட்டும் இல்ல, தினமும் போடணுமாம்.

— தினமுமா?

— நாளைக்கும் போடணும், நாளன்னைக்கும் போடணும். அப்புறம் பால் குடிக்கப் பழக்கணும். அதுக்கு நான் போய் என்ன பண்றது? அதுக்குத்தான் உன்னைக் கண்டிப்பா வரச் சொன்னாங்க.

— நாளைக்குமா போடணும்னாங்க?

— நாளைக்கும்தான்.

— என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்லலையே?

— காய்ச்சல், சுளுக்குன்னு ரெண்டு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியாதவன் நான். இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியுமா என்னால? சரி, மெதுவா வேணா அழு, ஆனா அழுதுக்கிட்டே கிளம்பு, பஸ் போயிடும்... ஏய், என்ன பண்ற? ஏன் பிரிக்கிற? முடியப் போறதைப் போய்ப் பிரிக்கிறியே!

— பஸ்ல உக்காந்து மறுபடி போட்டுக்கிறேன். நீங்க செருப்பை மாட்டுங்க.

— நல்லாத்தானே வந்துச்சு. தலைக்குக் கச்சிதமா இருந்திருக்கும்.

— கச்சிதமாத்தாங்க இருந்துச்சு. வளர இடமே விடாமப் போட்டிருந்தேன்.