நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றவள்

அக்கிராசனம் வகிக்கும் அழகியநம்பி அவர்களே, கரமனை வாசகசாலையைக் கண்ணாகக் காக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் ராஜபாய்க்கு மேடை புதிது, பிழை பொறுப்பீர்கள்.

என் கணவர் சுவாமிதாஸ் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கர். கல்யாணமான மறுவருஷமே கப்பலேறினார். போகும் முன் சாலைக் கடைத்தெருவில் மூன்று புத்தகங்கள் வாங்கினார். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. காலையில் தேச சரித்திரம், மதியம் நாவல், மாலையில் வைத்திய நூல். தினமும் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம். அங்கே அவர், இங்கே நான்.

"ஒரே நாளில் மூணு புஸ்தகம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு முடிஞ்சா அதுல உள்ள ஆளுக போயிருவாங்க, ராஜபாய். மத்த ரெண்டும் கையில இருந்தா வீடு வெறிச்சோடாதுல்லா" என்றார்.

முன்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார், ஒன்றோடொன்று குழம்பாதா என்று. அம்மா, சோறும் குழம்பும் வெந்நீரும் ஒரே காலையில் பார்க்கிறீர்களே, உப்பை என்றாவது வெந்நீரில் போட்டீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்.

கடல் நடுவே கிடந்தது. கடிதம் கடந்து வந்தது. அரசன் தோற்றான் என்று அவர் எழுதுவார். அழுதேன் என்று நான் எழுதுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. "வேலை மிகுதியால் நாவலில் பின்தங்கிவிட்டேன். நீ நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நில். வந்து சேர்ந்துகொள்கிறேன்."

நின்றேன். ரங்கூனில் குண்டு விழுந்தது என்றார்கள். நின்றேன். கடிதம் நின்றது; கப்பல் நின்றது. சரித்திரமும் வைத்தியமும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். நாவலின் நாயகியோ நீதிமன்ற வாசலில் விசாரணைக்குக் காத்திருந்தாள். அவளைத் தாண்டி ஒரு வரி படிக்க எனக்கு மனம் வருமா? படித்தால் அவரை வழியில் விட்டுப்போனவள் ஆவேன் அல்லவா?

மறு ஆவணியில், அதே கம்பெனியில் லாரி ஓட்டிய வேலாயுதன் என் வாசலில் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு.

"டீச்சரம்மா, குண்டு விழுந்த பிறகு அண்ணனும் நானும் ஒண்ணாத்தான் ஊருக்குக் காட்டு வழி நடந்தோம். சுமை தாங்காம எல்லாரும் எறிஞ்சாங்க. அண்ணன் முதல்ல பாத்திரத்தை எறிஞ்சாரு, பிறகு துணியை. வைத்தியப் புஸ்தகத்தை முகாம் டாக்டருக்குக் கொடுத்தாரு. சரித்திரம் ஆத்துல போச்சு. கதைப் புஸ்தகத்தை மட்டும் விடல்ல. மத்தியானம் மரத்தடியில இருந்து ரெண்டு பக்கம் எங்களுக்கு வாசிப்பாரு."

"எங்கே அவர்?" என்றேன்.

வேலாயுதன் தலை கவிழ்ந்தார். "ஒரு ஆத்தங்கரையில காய்ச்சல் கண்டது. இருநூத்தி நாலாம் பக்கம் வந்தாச்சு, அவ நூத்திப் பன்னிரண்டுலேயே நிப்பா, இனி முன்னால போகச் சொல்லுன்னாரு. மறுநாள் எழும்பல்ல. நாங்கதான் அடக்கம் பண்ணினோம்."

ஒரு மாதம் அந்த நாவலைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். நூற்றுப் பதின்மூன்று முதல் இருநூற்று நான்கு வரை அவர் குரலிலேயே கேட்டேன். இருநூற்று ஐந்தைப் புரட்ட என் விரல் மறுத்தது. அது அவர் கண் படாத பக்கம். புரட்டினேன். நாயகி விடுதலையானாள். சபையோரே, அந்தச் செய்தியை நான் யாரிடம் ஓடிச் சொல்வேன்?

அடுத்த வீட்டு எலிசாளிடம் சொன்னேன். எழுத்தறியாதவள். மறுநாள் மதியம் அவளே வந்து, "டீச்சர், வெளிய வந்தவ பிறகு எங்க போனா?" என்றாள். அடுத்த வாரம் அவளோடு நான்கு பேர் வந்தார்கள். வாசிக்க வாசிக்கக் கேட்டவர்கள், வாசிக்கவே கற்றார்கள். இன்று எலிசாள் ஒரே நாளில் இரண்டு புத்தகம் படிக்கிறாள். மூன்றாவது கேட்டு என்னோடு சண்டை பிடிக்கிறாள்.

தாய்மார்களே, பிரிவு எந்த வீட்டில் இல்லை? ஏக்கம் எந்த நெஞ்சில் இல்லை? என் ஏக்கம் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை, தீராது. ஆனால் பேச ஆள் கிடைத்தது. நாளை முதல் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இந்த வாசகசாலையைப் பெண்களுக்கென்று ஒதுக்க இசைந்திருக்கிறார்கள் நிர்வாகிகள். வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் படியுங்கள். தெரியாதவர் என் பக்கத்தில் உட்காருங்கள்.

இடம் தந்த அவைக்கும், செவி தந்த உங்களுக்கும் நன்றி. சமாதானத்தோடு வீடு சேருங்கள். வணக்கம்.