பழுப்புப் பட்டன்

டாக்டர்: ...சரி ஐயா, கடைசியா ஒண்ணு. கொஞ்சம் முன்னாடி மூணு சொல் சொன்னேனே, அதுல...

கணவர்: தெரியல.

டாக்டர்: நான் இன்னும் கேட்டே முடிக்கலையே!

மனைவி: குடைங்க! குடை...

டாக்டர்: அம்மா, பரீட்சை அவருக்கு.

மனைவி: வீட்லயும் இப்படித்தான் டாக்டர். பக்கவாதம் வந்ததுல இருந்து எதைக் கேட்டாலும் தெரியல. பசிக்குதான்னா, அதுவும் தெரியல! இது மறதி நோய்தான்னு மகன் முடிவே பண்ணிட்டான். தையல் கடைய மூடச் சொல்றான்.

டாக்டர்: நீங்க என்ன நினைக்கறீங்க?

மனைவி: தெருவுல போறவங்க இடுப்பளவையெல்லாம் மனப்பாடமா வச்சிருந்த மனுஷன். அதெல்லாம் ஒரே நாள்ல காலியாயிடுமா?

கணவர்: மூடட்டும். துணி வெட்டுற வலது கையே போச்சு.

டாக்டர்: மறதி வந்தவங்க பெரும்பாலும் எதையாவது சொல்லி ஒப்பேத்தப் பாப்பாங்க ஐயா. நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கறீங்க.

கணவர்: ஒப்பேத்துற வேலை எங்க கடையில கிடையாது.

மனைவி: வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது பாருங்க!

டாக்டர்: தூக்கம் எப்படி?

கணவர்: விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடும்.

டாக்டர்: முழிச்சு?

கணவர்: இவ தூங்கறதப் பாத்துக்கிட்டு இருப்பேன்... டாக்டரம்மா, அந்தக் கோட்டக் கொஞ்சம் கழட்டித் தரீங்களா?

மனைவி: ஐயோ! என்னங்க இது!

கணவர்: நடுப்பட்டன் பழுப்பு. போன வாரம் இங்க வந்தப்ப எல்லாமே வெள்ளையா இருந்துச்சு. உள்ள வந்ததுல இருந்து கண்ண உறுத்துது.

டாக்டர்: போன வாரம் வேற என்ன பாத்தீங்க?

கணவர்: இடது பாக்கெட் ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. இன்னும் தைக்கல நீங்க. அப்புறம் அந்த மூணு சொல்... குடை, ஏணி, விளக்கு. போதுமா?

மனைவி: கடவுளே...

டாக்டர்: ஸ்கேனும் பாத்துட்டேன். இன்னும் சில சோதனை பண்ணுவோம். ஆனா எனக்கு இது மறதி நோயாத் தோணல. மனச்சோர்வு. பக்கவாதத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வரும். மருந்து இருக்கு, மனசு விட்டுப் பேசவும் ஆள் இருக்கு. தேறிடுவீங்க.

மனைவி: அப்புறம் ஏங்க தெரியல தெரியலன்னு என் உயிர வாங்கினீங்க?

கணவர்: யோசிக்கவே பிடிக்கல... ஞாபகமும் போச்சுன்னு ஆயிட்டா என்னை ஏதாவது முதியோர் இல்லத்துல சேத்துட்டு நீ மகன்கிட்ட போயிடுவ. இந்த மரத்துப்போன கையோட நீ மல்லுக்கட்ட வேணாமேன்னு...

மனைவி: யார் கேட்டா உங்கள? கத்திரிய நான் பிடிக்கறேன். இடது கையால நீங்க கோடு போடுங்க.

கணவர்: கோணலா வரும்.

மனைவி: வரட்டும், நான் நேரா வெட்டிக்கறேன். வழக்கம்போலத் திட்டுங்க, அது போதும்... ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க கண்ணுல படுதான்னு பாக்க அந்தப் பட்டன நான்தான் மாத்தினேன். நேத்து வந்து டாக்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி...

டாக்டர்: நானும் உடந்தைதான் ஐயா.

கணவர்: அதுவும் தெரியும்.

மனைவி: பொய்!

கணவர்: பட்டனுக்கு அடியில நூலைச் சுத்தாம விட்டிருக்க பாரு. கல்யாணமான புதுசுல இருந்து சொல்றேன், கேக்கவே மாட்ட. பாத்ததுமே உன் கைன்னு தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு மெனக்கெட்டவகிட்ட இன்னமும் தெரியலன்னு சொல்ல... மனசு வரல.