யுகிவாரியின் இடது முன்னங்கால்

— சூடான காப்பி டின்னைப் பிடிச்ச கையோட என் குதிரைக் காலைத் தொடாதீங்க டாக்டர். கை சூடா இருந்தா கால் சூடு தெரியாது.

— சரி குரமோச்சி அண்ணே, கையை ஆறவிட்டுட்டேன். எந்தக் கால்?

— எந்தக் காலும் இல்ல. நாலும் நல்லாத்தான் இருக்கு, எழுதி வெச்சுக்கங்க. இருபத்தாறு வருஷமா விடிஞ்சதும் குதிரைக் காலைத் தடவிப் பாக்கிற கை இது. சூடு இல்ல, வீக்கம் இல்ல.

— பயிற்சி குடுக்கிற வாத்தியார் வேற மாதிரி சொன்னாரு. மூணு நாளா யுகிவாரி நடை சரியில்லையாம். இடது முன்னங்கால் தரையில படுறப்போ தலையைத் தூக்குதாம். இறாலா இருக்குமோன்னு பயப்படறாரு.

— அந்தப் பேரைக் கொட்டிலுக்குள்ள சொல்லாதீங்க.

— கோஹாரு, நீ ஏன் சிரிக்கிற?

— பின்ன என்ன டாக்டர். மாமா போன வாரம் கேன்டீன்ல நூடுல்ஸ் மேல இருந்த இறாலைக்கூட எடுத்து என் தட்டுல போட்டுட்டாரு.

— சிரி, சிரி. குதிரை மேல உக்காந்து ஓட்டறவளுக்குக் கீழ நடக்கிறது என்ன தெரியும்? காலுக்குப் பின்னால நரம்பு வீங்கி இறால் முதுகாட்டம் வளைஞ்சு நிக்கும். அப்படி ரெண்டு குதிரையை நானே வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கேன்.

— அதுக்குத்தான் ஸ்கேன் அண்ணே. இன்னிக்கு வியாழன். ரெண்டு மணிக்குள்ள ஞாயித்துக்கிழமை நகயாமா மைதானத்துப் பந்தயத்துக்குப் பேர் குடுக்கணும். நீங்க நரம்புங்கற அந்தத் தசைநாண் கிழிஞ்சிருந்தா பேர் கிடையாது. ஒன்பது மாசம், ஒரு வருஷம் ஓய்வு.

— ஏழு வயசுக் குதிரைக்கு ஒரு வருஷமா? சொந்தக்காரர் அவ்வளவு நாள் தீனி போடமாட்டார், தள்ளிவிட்டுருவார். எங்கன்னு என்னைக் கேக்காதீங்க.

— கேக்கல. தலையைப் பிடிச்சுக்கங்க, இந்த இடத்துல முடியை மழிக்கிறேன்.

— இவன் தொடையைப் பாருங்க. பாறை. கோடையிலேருந்து மேட்டுப் பாதையில ஏத்தி ஏத்தி வளத்தது. இந்த உடம்புக்கா கால் போகும்?

— உடம்பு இப்படி இருக்கிறதுதான் எனக்குப் பயம். தசைக்கு ரத்தம் நிறையப் போகுது, ரெண்டு மாசம் வேலை குடுத்தா தடிச்சிடும். நாணுக்குப் போறது கொஞ்சம்தான். அது மெதுவாத்தான் தேறும். இழுக்கிறவன் பலசாலி ஆயிட்டான், கயிறு அதே பழைய கயிறு.

— கயிறுன்னா நீண்டு குடுக்குமே.

— குடுக்கும். பாய்ச்சல்ல ஒவ்வொரு அடிக்கும் பத்துல ஒரு பங்கு நீண்டு, சுருங்கி, வில்லு மாதிரி திருப்பி உதைக்கும். அதனாலதான் இவ்வளவு கனத்தோட களைக்காம ஓடறான். ஆனா நீண்டு சுருங்கறதுல உள்நாரு சூடாயிடும். அந்தச் சூடு உங்க கைக்கு எட்டாது. அங்கதான் முதல்ல நைஞ்சுபோகும்.

— நைஞ்சா தானாச் சேராதா?

— சேரும், தழும்பா. தழும்பு விறைப்பு, சரியா நீளாது. பக்கத்து நாரு அதுக்கும் சேத்து நீளணும். அடுத்த தடவை அது அறும்.

— டாக்டர், நான் ஒண்ணு சொல்லலாமா? நேத்துக்கூட இவனை மேட்டுல முழு வேகத்துல ஓட்டினேன். எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

— சொல்லு கோஹாரு, நல்லா உரக்கச் சொல்லு.

— அப்ப நடை சரியில்லன்னு எங்க பாத்தாங்க?

— முற்றத்துல டாக்டர். மாமா கயித்தைப் பிடிச்சு ஓட்டிக் காட்டறப்போ வாத்தியார் பாத்தாரு.

— சரி. அசையவிடாதீங்க அண்ணே. இதோ, திரையில வருது. வெள்ளைக் கோடெல்லாம் நாரு. நடுவுல கருப்பா குழி தெரிஞ்சா கிழிசல்.

— தெரியுதா?

— இருங்க.

— டாக்டர், தெரியுதா இல்லையா?

— இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் சீவின தலைமுடி மாதிரி இருக்கு. வலது காலும் அதே தடிமன்தான்.

— நான் என்ன சொன்னேன்? வாத்தியாருக்குப் போன் போடுங்க.

— இன்னும் இல்ல. தலை ஏன் தூக்குதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன். முற்றத்துக்கு வாங்க, ஓட்டிக் காட்டுங்க.

— கோஹாரு ஓட்டட்டுமே.

— வாத்தியார் பாத்தது உங்களோடதானே. நீங்களே ஓட்டுங்க. அந்தச் சுவர் வரைக்கும்.

— எத்தனை தடவை?

— ஒரு தடவை போய்த் திரும்பினாப் போதும். ம். ஆமா, வாத்தியார் சொன்னது நிஜம்தான். இடது கால் பட்டதும் தலை மேல போகுது.

— தரையெல்லாம் கல்லு டாக்டர்.

— இருக்கலாம். கோஹாரு, இப்ப நீ பிடி. கயித்தைத் தளர விட்டு ஓட்டு.

— அவ கைக்கு இவன் வரமாட்டான். எழுதி வெச்சுக்கங்க.

— வந்துட்டான் மாமா.

— பேசாம ஓட்டும்மா. இன்னொரு தடவை. அதே கல்லுத் தரைதான் அண்ணே. தலை அசையவே இல்ல.

— புது ஆளுங்கறதால அடங்கி நடக்கறான்.

— ஓட்டிக் காட்டறப்போ நீங்க அவனுக்கு இடது பக்கம்தானே?

— ஊர்ல எல்லாரும் அந்தப் பக்கம்தான்.

— அவன் இடது காலை வைக்கிறப்போ நீங்களும் இடது காலைத்தான் வைக்கறீங்க.

— அஞ்சு வருஷமாக் கூடவே நடக்கறோம். அடி ஒண்ணாத்தான் விழும். அதுல என்ன தப்பு?

— தப்பு இல்ல. கயித்தை எங்க பிடிப்பீங்க?

— தாடைக்குக் கீழ, குட்டையா. இதெல்லாம் எதுக்கு டாக்டர்? மணி ஒண்ணாகப் போகுது.

— இன்னும் ஒரே கேள்வி. இந்த நாலஞ்சு நாளுக்குள்ள எந்தக் குதிரையாவது உங்களைப் பின்னாலேருந்து உதைச்சதா?

— யார் சொன்னது உங்களுக்கு? கோஹாருவா?

— எனக்கே தெரியாது மாமா.

— வைக்கோல் கட்டைத் தூக்கிக் கிளம்பறப்போ. இடது குதிகாலுக்கு மேல டப்புன்னு ஒரு உதை. விளக்குமாறை ஓங்கிட்டுத் திரும்பினேன். பின்னால குதிரையே இல்ல.

— அப்புறம் நீங்க யார்கிட்டயும் சொல்லல.

— சொன்னா? வாத்தியார் லீவு எடுக்கச் சொல்வாரு. ஞாயித்துக்கிழமை யுகிவாரியை வேற ஒருத்தன் நடத்திட்டுப் போவான். ஜெயிச்சா அவன் ராசின்னு அவன்கிட்டயே விட்டுருவாங்க. அதுக்கு நான் பூட்ஸ் கயித்தை இறுக்கிக் கட்டிட்டுப் பேசாம இருந்தேன். குதிரை நல்லா இருக்கு. எனக்கு அது போதும்.

— அந்தக் காலை ஊனறப்போ உங்க உடம்பு எகிறுது, கை எகிறுது, கயிறு அவன் தலையையும் சேத்துத் தூக்குது. வாத்தியாரும் நானும் குதிரையை மட்டும்தான் பாத்துட்டிருந்தோம். யுகிவாரிக்குப் பேர் குடுக்கலாம். கயித்தைக் கோஹாருகிட்ட குடுத்துட்டு நீங்க இப்படி உக்காந்து பூட்ஸைக் கழட்டுங்க, அன்னிக்கு உதைச்சது குதிரை இல்ல, கிழிஞ்ச நாண், உங்களோடது.