கிப்லாச் சுவரின் ஏழாம் சாட்சி

கல்லின் வயதைக் கைவிரலால் கண்டவரே! கைரவான் நகரின் பழம்பள்ளிவாசல்களுக்குக் காவலாய் நின்றவரே! மரபுச் சின்னப் பணியகத்தின் தலைமைப் பொறியாளரே, மரியாதையோடு லல்லா என்று நாங்கள் அழைக்கும் ஹயாத் ஜலாஸி அம்மையீர்! முப்பத்து நான்கு ஆண்டுப் பணி முடித்து இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறும் தங்கள் முன், இவ்வழியனுப்பு விழாவில் இம்மடலை வாசிக்கிறோம்.

பணியில் சேர்ந்த அன்று எங்களைக் கொத்துக்கரண்டி தொடவிடாமல் தூண்களை எண்ணச் சொன்னீர்கள். இவ்வூரில் முதன்முதல் பள்ளி எழுப்பியவர்களிடம் பளிங்கு செதுக்க ஆளில்லை. பாழான ரோமக் கட்டடங்களின் தூண்களைக் கொணர்ந்து, குட்டைக்குப் பீடம் வைத்து, நெட்டையைத் தரையில் இறக்கி, ஒரே கூரையை ஏற்றினார்கள் என்று காட்டினீர்கள். "ஒண்ணுக்கொண்ணு பொருந்தாத தூணுங்கதான். கூரை நேரா நிக்குது பாருங்க" என்றீர்கள். எங்களையும் அப்படித்தான் நிறுத்தினீர்கள்.

பேரீச்சந்தோப்புப் பள்ளிவாசல் ஒன்பது ஆண்டுப் பழுதுபார்ப்புக்குப் பின் நாளை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குத் திறக்கிறது. மக்கா நோக்கிய அதன் கிப்லாச் சுவரில், விரிசலின் குறுக்கே ஏழு இடங்களில் சுண்ணாம்புப் பட்டை பூசி, தேதி எழுதி, சாட்சி என்று பெயரிட்டீர்கள். சுவர் அசைந்தால் பட்டை உடையும். "சாட்சி உடைஞ்சா யாரையும் கேக்காதீங்க. கதவப் பூட்டிட்டு அப்புறம் எங்கிட்ட வாங்க" என்பது தங்கள் கட்டளை.

அம்மையீர், செவ்வாய்க்கிழமை ஏழாவது சாட்சி உடைந்தது.

முதலில் கண்டவர் கொத்தனார் பெஷீர். "முடி கனந்தான். ஆனா உடைஞ்சிருக்கு" என்றார். "லல்லா ரெண்டு நாள்ல போறாங்க, இப்பப் போய் இதச் சொல்லவா?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். புதுப் பட்டை பூசினோம். பழைய தேதியை எழுதச் சொன்னபோது பெஷீர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பூசுனது நானு. தேதி எழுதுற கை என்னுது இல்ல" என்றார். எழுதியவன் இம்மடலை வாசிக்கும் துணைப்பொறியாளன் ரித்வான் வஸ்லாத்தி.

இன்று காலை அந்தப் புதுப் பட்டையும் உடைந்தது. சொல்லிவிட எண்ணித் தங்கள் அறைக்கு மூன்று முறை வந்தோம். மூன்று முறையும் தாங்கள் நீட்டிய மக்ரூத் இனிப்பைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். சபையில் வாய் திறந்தால்தான் பின்வாங்க முடியாது என்பதால் இங்கே சொல்கிறோம். முன்வரிசையில் இருக்கும் அப்பள்ளியின் இமாம் அவர்களின் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

நாளை எண்ணூறு பேர் வருவார்கள். முதல் வரிசை அச்சுவரிலிருந்து நான்கு முழத்தில் நெற்றியைத் தரையில் வைக்கும். திறப்பு அறிவித்தபின் வெறும் பூட்டு போதாது; பள்ளியை மூடும் ஆணையில் ஒப்பமிடும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே. நாளை முதல் தங்கள் நாற்காலி காலி. இப்போது மணி நாலே கால். தங்களுக்கென நெய்வித்த கம்பளத்தின் மேல் அந்த ஆணைத்தாளையும் பேனாவையும் வைத்திருக்கிறோம்.

நோயின்றி நெடுங்காலம் வாழ்க என வாழ்த்த வேண்டிய இடம் இது. அவ்வாழ்த்தை இன்று தங்களிடம் நாங்கள் கேட்கிறோம், நாளை தொழ வரும் எண்ணூறு பேருக்காக. ஒப்பமிடுங்கள் அம்மையீர். பெஷீர் பூட்டோடு பள்ளி வாசலில் நிற்கிறார்.

தலைகுனிந்து,
பணியகத்தார் பதினொருவர்